பத்தில் மூன்று பங்கு காரீயம்: தியாரோய் மணலில் நடந்தது

டெக்சாஸில் இருக்கும் என் கல்லூரி நண்பன் சில மாதங்களுக்கு முன் ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டுக் கார் ஷெட். மேசைமேல் மின்சார உருக்குப் பானை, பக்கத்தில் கைப்பிடி வைத்த அலுமினிய அச்சு, பழைய துண்டு ஒன்றின்மேல் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடக்கும் தோட்டாக்கள். சனிக்கிழமைகளில் துப்பாக்கிச் சுடும் மைதானத்துக்குப் போகிறானாம். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று தானே வார்க்க ஆரம்பித்துவிட்டான். சொந்த உபயோகத்துக்கு வார்த்துக்கொள்ள அங்கே உரிமம் வேண்டியதில்லை. நம்மூரில் இதையே செய்தால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாசலில் வந்து நிற்கும்.

படத்துக்குக் கீழே கேள்வி: "டேய், ஈயம் ரொம்ப மெத்துனு இருக்கு. துப்பாக்கிக் குழாய்க்குள்ளே எல்லாம் அப்பிக்குது. கெட்டியாக்க ஆன்டிமனி எவ்வளவு போடணும்? பழைய கார் பேட்டரி பிளேட்டை உருக்கிக் கலந்தா போதும்னு ஒருத்தர் சொல்றார், சரியா?"

நான் வார்ப்படத் தொழிலில் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறான். முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் உண்டு. சுத்தமான காரீயத்தின் பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) 5 அளவில்தான் இருக்கும், நகத்தால் கீறலாம். 90 பங்கு காரீயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி என்ற பழைய கலவை 15-ஐத் தொடும். ஆன்டிமனியோடு துளி ஆர்சனிக்கும் இருந்து, அச்சிலிருந்து சூடாக விழும் வார்ப்பு தண்ணீரில் குளிர்ந்தால், அடுத்த சில நாட்களில் கடினம் இன்னும் ஏறும். இவ்வளவுதான் சமாசாரம்.

இரண்டாவது கேள்விக்கு இரண்டு வரி போதாது. "பேட்டரியைத் தொடாதே, ராத்திரி எழுதுகிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். அன்றிரவு அவனுக்கு எழுதியதன் விரிவுதான் இது. டெக்சாஸைப் பற்றியதல்ல. செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காரின் ஓரத்தில், தியாரோய்-சூர்-மேர் என்ற மீனவக் குடியிருப்பில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் நடந்தது.

அதற்குமுன் ஒரு சொல் விஷயம். தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்குப் புழங்குகிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். பேட்டரியிலும் தோட்டாவிலும் தூண்டில் குண்டிலும் இருப்பது காரீயம். 'ஈயச்சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகிவிட்டது?' என்று கேட்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது வேறு உலோகம். இனிமேல் வருவதெல்லாம் காரீயம்.

இடம்

தியாரோய் என்ற பெயரை ஆப்பிரிக்க வரலாறு படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், பாக்கிச் சம்பளம் கேட்டதற்காக 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படையால் சுடப்பட்டது அங்குள்ள முகாமில்தான். நம் கதை அந்த முகாமில் நடக்கவில்லை. கடற்கரையை ஒட்டிய மணல் தரையும் நெருக்கமான வீடுகளும் கொண்ட ஒரு குடியிருப்பில் நடக்கிறது.

அங்கே 1990-களின் நடுவிலிருந்து திறந்த வெளியில் பழைய வண்டி பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்து வந்தார்கள். ஆலை கிடையாது, புகைபோக்கி கிடையாது. கோடரியால் உடை, ஆசிட்டை மணலில் கவிழ், பிளேட்டை உருவு, சட்டியில் போட்டு உருக்கு, கட்டியாக ஊற்றி விற்றுவிடு. உலகத்தில் எத்தனையோ ஊர்களில் இன்றும் நடக்கும் வேலை இது.

பேட்டரிக்குள்ளே என்ன இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். நடந்தது முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். ஆனால் அது ஒரே வடிவத்தில் இல்லை. பிளேட்டை எடுத்துப் பார்த்தால் ஜன்னல் கம்பி போல ஒரு சட்டம் தெரியும். அது உலோகம். சட்டத்தின் கட்டங்களுக்குள் அப்பியிருக்கும் பழுப்பும் சாம்பலுமான பசை, காரீயத்தின் ஆக்சைடும் சல்ஃபேட்டும் கலந்தது. மொத்தக் காரீயத்தில் ஏறத்தாழ பாதி இந்தப் பசையில்தான் இருக்கிறது.

உலோகச் சட்டம் 327 டிகிரி சென்டிகிரேடிலேயே, ஆன்டிமனி கலந்திருந்தால் அதற்கும் முன்பே, உருகிவிடும். விறகு அடுப்பு போதும். பசை அப்படி உருகாது. காரீய ஆக்சைடு உருகவே 888 டிகிரி வேண்டும். அதிலிருந்து உலோகத்தைப் பிரிக்க கரியும் முறையான உலையும் வேண்டும். கொல்லைப்புறச் சட்டியில் இது நடக்காது. ஆகவே உருக்குபவர் சட்டத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, மேலே மிதக்கும் பசையை வழித்துத் தரையில் கொட்டிவிடுவார். காய்ந்ததும் அது மாவு. தோசை மாவு அல்ல, முகத்துக்குப் பூசும் பவுடர் போன்ற மாவு.

பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படிக் கொட்டினால் மணல் என்ன ஆகும்? தாது ஆகும். பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி எடுக்கும் காரீயத் தாதுவில்கூட பெரும்பாலும் காரீயம் நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். தியாரோயில் பின்னால் அளந்தபோது வீட்டுக்கு வெளியிலிருந்த மண்ணில் அதிகபட்சமாக ஒரு கிலோவுக்கு 3,02,000 மில்லிகிராம் காரீயம் இருந்தது. பத்துப் பங்கில் மூன்று பங்கு. குழந்தைகள் விளையாடும் இடத்து மண்ணுக்கு அமெரிக்காவில் அப்போது வைத்திருந்த அபாயக் கோடு 400 மில்லிகிராம். இப்போது அதையும் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.

விலை ஏறியது

2003-இல் லண்டன் உலோகச் சந்தையில் காரீயம் டன்னுக்கு 500 டாலரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. 2007 அக்டோபரில் 3,800 டாலரைத் தாண்டியது. ஏழு மடங்குக்கு மேல். பங்குச் சந்தைக்காரர்களுக்கு அது ஒரு கோட்டுப் படம். தியாரோயில் அதன் அர்த்தம் வேறு: காலுக்குக் கீழே கிடக்கும் மணலுக்கே விலை வந்துவிட்டது.

மக்கள் மணலைத் தோண்டிச் சலித்தார்கள். கட்டியாக அகப்பட்டதைப் பொறுக்கினார்கள். காரீயம் மிகுந்த மண்ணைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கினார்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். வேறெங்கே இருப்பார்கள்?

உருக்குவதைவிடச் சலிப்பது மோசம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உருக்கும்போது காரீயம் திரவம். பெரும்பகுதி பாத்திரத்திலேயே கிடக்கும். சலிக்கும்போது பெரிய கட்டி சல்லடையில் தங்கும், காற்றில் எழுவதோ ஆகச் சிறிய தூள். அதாவது மூக்கிலும் நாக்கிலும் சுலபமாகப் போய்ச் சேரும் பகுதியை மட்டும் பிரித்து, கிளப்பிவிடும் வேலை அது. நெல் தூற்றும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்தத் தூசு எப்படி ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதினெட்டுக் குழந்தைகள்

2007 நவம்பரிலிருந்து அந்தக் குடியிருப்பில் குழந்தைகள் இறக்கத் தொடங்கினார்கள். மூளையையும் நரம்பையும் தாக்கி, வேகமாக முற்றும் ஏதோ ஒரு நோய். காரணம் தெரியவில்லை. வலிப்பும் வாந்தியும் மயக்கமுமாக ஒரு குழந்தை வந்தால் அந்தப் பகுதி மருத்துவருக்கு முதலில் தோன்றுவது மலேரியா, அடுத்தது மூளைக்காய்ச்சல். அவரைக் குறை சொல்ல முடியாது. மார்ச் வரையில் 18 குழந்தைகள் போய்விட்டார்கள்.

செனகல் அரசின் சுகாதாரத் துறையும், பிறகு உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய குழுவும் ஆராய்ந்தன. அவர்களுக்கு இருந்த பெரிய சிக்கல், இறந்த எந்தக் குழந்தைக்கும் பிரேதப் பரிசோதனை செய்ய முடியவில்லை என்பது. இறந்தவர்களைக் கேட்க வழியில்லாததால் இருப்பவர்களைக் கேட்டார்கள். இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தவர்கள் 32 பேர், தாய்மார் 23 பேர், அதே பகுதியில் வசிக்கும் வேறு 18 குழந்தைகள், 8 பெரியவர்கள். ஆக 81 பேரைப் பரிசோதித்தார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் மண்ணை எடுத்து அளந்தார்கள்.

81 பேருக்கும் காரீய நச்சு ஏறியிருந்தது. ஒருவர்கூட விதிவிலக்கில்லை.

50 குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 39.8 மைக்ரோகிராமில் தொடங்கி 613.9 வரை போனது. சராசரி 129.5. அன்றைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவலைப்பட வேண்டிய அளவு என்று வைத்திருந்தது 10. 2012-இல் அதை 5 ஆக்கினார்கள், 2021-இல் 3.5. தியாரோயில் இருப்பதிலேயே நன்றாக இருந்த குழந்தையே அந்தப் பழைய பத்தைப்போல் நான்கு மடங்கில் இருந்தது. 17 குழந்தைகளிடம் நரம்பு மண்டலம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட அறிகுறிகள் தெரிந்தன.

ஆய்வாளர்களின் முடிவு நிதானமானது. 18 சாவுகளில் பெரும்பாலானவை, ஒருவேளை எல்லாமே, காரீயம் மூளையைத் தாக்கியதால் நேர்ந்தவை என்பதைச் சூழ்நிலைச் சான்றுகள் காட்டுகின்றன என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. உடலைத் திறந்து பார்க்காதபோது அப்படித்தான் எழுத வேண்டும். அந்த நிலத்தைச் சுற்றி வாழ்ந்த ஏறத்தாழ 950 பேரில் பெரும்பாலோர் நச்சேறியவர்களாகவே இருப்பார்கள் என்றும் சொன்னார்கள்.

கசகசாவைவிடச் சின்னது

129.5 என்ற எண்ணைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. நண்பனுக்காக ஒரு கணக்குப் போட்டேன்.

15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உடம்பில் ரத்தம் சுமார் 1.1 லிட்டர், அதாவது 11 டெசிலிட்டர். டெசிலிட்டருக்கு 129.5 மைக்ரோகிராம் என்றால் ரத்தம் முழுவதிலும் சேர்த்து 1,400 மைக்ரோகிராம் சொச்சம். 1.4 மில்லிகிராம். காரீயம் கனமான உலோகம். கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். இந்த 1.4 மில்லிகிராமை உருட்டினால் 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு வரும். கடுகைப் பக்கத்தில் வைக்கவே முடியாது. கசகசாவைவிடவும் சின்னது.

ரத்தத்தில் மிதப்பது மட்டும்தான் இந்தக் கணக்கு. எலும்பில் போய்ப் படிந்தது தனி.

இப்போது மறுபக்கம். ஒரு சின்னக் குழந்தை விரல் சூப்பியும் பொம்மையைக் கடித்தும் தரையில் கிடந்த முறுக்கை எடுத்துத் தின்றும், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளவில் மண்ணும் தூசும் விழுங்கும் என்று ஆபத்துக் கணக்கிடுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை. தியாரோயில் வீட்டுக்குள்ளேயே அதிகபட்சமாகக் கிலோவுக்கு 14,000 மில்லிகிராம் காரீயம் இருந்தது. அந்த வீட்டில் தவழும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1.4 மில்லிகிராம். வெளியே அந்த மோசமான மணலில் உட்கார்ந்து விளையாடினால் 30 மில்லிகிராம். பெரியவர் வயிற்றுக்குள் போனால் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். குழந்தைக்குப் பாதியளவு சேரும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடுதல். தகப்பன் நாள் முழுக்கச் சட்டி பக்கத்தில் நின்று நடமாடிக்கொண்டிருக்க, பிள்ளை சுருண்டு விழுவது இதனால்தான்.

நண்பனின் மேசைமேல் கிடந்தவை ஒவ்வொன்றும் 10 கிராம் அளவில் இருக்கும். தியாரோய்க் குழந்தையின் ரத்தத்தில் இருந்ததைப்போல் 7,000 மடங்கு, ஒரே தோட்டாவில். ஆனால் தோட்டா கட்டியாக இருக்கிறது. கட்டியைக் கையில் எடுத்துவிட்டுக் கை கழுவினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கட்டி எப்போது தூளாகிறது, அந்தத் தூள் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதுதான் கேள்வி.

புகையைப் பார்க்கிறோம், தரையைப் பார்ப்பதில்லை

காரீயம் உருக்குகிறேன் என்று சொன்னவுடன் எல்லாரும் ஆவியைப் பற்றிக் கேட்பார்கள். முகமூடி போடு, ஜன்னலைத் திற என்பார்கள். தவறில்லை. ஆனால் காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். தோட்டாவோ தூண்டில் குண்டோ வார்ப்பவர்கள் 350 முதல் 400 டிகிரிக்குள் வேலை செய்கிறார்கள். அந்தச் சூட்டில் எழும் ஆவி மிகச் சொற்பம். 500 டிகிரியை நெருங்கவிட்டால்தான் நிலைமை வேறு. வெப்பமானி வைத்துக்கொள்ளாமல் கண்ணால் பார்த்து வார்ப்பவனைத்தான் நான் கண்டிப்பேன்.

உண்மையான ஆபத்து பானையின்மேல் படரும் ஏடு. கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டுகிறோமே, அந்தச் சாம்பல் நிறப் பொடி. தியாரோயில் தரையில் கொட்டியதும் இதன் உறவுதான். அது ஆறியதும் மேசையில் படியும், செருப்படியில் ஒட்டும், சட்டையில் தங்கும். துடைப்பத்தை எடுத்து ஈரமில்லாமல் பெருக்கினால் அறை முழுக்கப் பரவும். பெருக்கியவன் கை கழுவாமல் சிகரெட் பற்றவைப்பான், அல்லது ஒரு வாய் காபி குடிப்பான். சாயங்காலம் பிள்ளையைத் தூக்குவான்.

சுடும் இடத்திலும் இதே கதைதான். அலாஸ்காவில் 2002-இல் பள்ளி ரைஃபிள் குழுப் பயிற்சியாளர் ஒருவருக்கு ரத்தக் காரீயம் 44 என்று தெரிய வந்து, அவருடைய மாணவர்களைச் சோதித்தால் அவர்களும் 20-ஐத் தாண்டி நின்றார்கள். யாரும் எதையும் உருக்கவில்லை. மூடிய கூடத்தில் சுட்டார்கள், அவ்வளவுதான்.

ஆலைகளில் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி 1978-இலேயே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்ததோடு, வேலை உடையோடு வீட்டுக்குப் போகாதே, குளித்துவிட்டுப் போ என்றும் சேர்த்தே சொன்னது. கொல்லைப்புறத்துக்கும் கார் ஷெட்டுக்கும் அந்த விதி வந்து சேர்வதில்லை. அங்கே வேலையிடமும் வீடும் ஒன்று.

மருந்து முதலில் அல்ல

தியாரோய் கதை தெரிந்தவர்கள்கூட தவறாகப் புரிந்துகொள்வது சிகிச்சையை. காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்துகள் உண்டு. சக்சிமர் மாத்திரை, கால்சியம் கலந்த இடிடிஏ ஊசி, டைமர்காப்ரால். குழந்தையின் ரத்தக் காரீயம் 45-ஐத் தாண்டினால் கொடுக்கலாம் என்பது பொதுவான கோடு. சரி, 950 பேருக்கும் ஏற்றிவிட வேண்டியதுதானே?

மருந்து கொடுத்துவிட்டு, குழந்தையை அதே மணலுக்குத் திருப்பி அனுப்பினால் ஒரு பயனும் இல்லை. மருந்து உள்ளே இருக்கும்போது புதிதாகக் காரீயத்தை விழுங்கினால், குடல் அதை இன்னும் அதிகமாக உறிஞ்சிவிடும் அபாயம்கூட உண்டு. அதோடு, ரத்தம் சுத்தமானாலும் எலும்பிலிருந்து மறுபடி ஊறும். ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம் ஆகுமென்றால் எலும்பில் பத்து இருபது வருடம். மூளையில் ஏற்பட்ட சேதத்தை மருந்து திருப்பித் தராது.

ஆக முதல் வேலை மண்வெட்டி. தியாரோயில் பிள்ளைகள் செத்தது மார்ச்சோடு நின்றபிறகும், 2008 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, மக்கள் தூசு வழியாக இன்னும் காரீயத்தை உட்கொண்டுகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான். அடுப்பு அணைந்துவிட்டது, மணல் அங்கேயே இருந்தது. பிறகு அரசும் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற தொண்டு நிறுவனமும் (இன்று பியூர் எர்த் என்ற பெயரில் இயங்குகிறது) உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மாசுபட்ட மண்ணை அகற்றின, வீடு வீடாகச் சுத்தம் செய்தன. ஒரு வீட்டைச் சுத்தம் செய்வது என்றால் தரை, சுவர், பாய், மெத்தை, துணி எல்லாம்.

பேட்டரி உடைத்தவர்களைக் கெட்டவர்களாகச் சித்திரிக்க எனக்கு மனமில்லை. பத்து வருடத்துக்கு மேலாகச் செய்து பழகிய வேலை அது. காரீயம் பாம்பு மாதிரி உடனே கொத்துவதில்லை. விலை ஏழு மடங்கு ஏறியபோது மணலைச் சலித்தவர்கள் வறுமையில் இருந்தவர்கள். இரண்டு வருடம் கழித்து, 2010-இல், நைஜீரியாவின் சாம்ஃபாரா மாநிலத்தில் இதே கணக்கு தங்கத்தின் வடிவில் வந்தது. காரீயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு முற்றத்தில் அரைத்தார்கள். அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

கார் ஷெட்டுக்குத் திரும்பினால்

இவ்வளவையும் எழுதிவிட்டு நண்பனுக்குக் குறிப்பாகச் சொன்னவை இவை.

பேட்டரி பிளேட் வேண்டாம். பசையின் கதை மேலே வந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. இன்றைய பேட்டரிச் சட்டங்களில் கால்சியம் கலக்கிறார்கள். அதன் ஏட்டில் ஆர்சனிக்கோ ஆன்டிமனியோ சேர்ந்து, அது ஈரத்தைத் தொட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற வாயுக்கள் வரும். ஆர்சைன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஓரிரண்டு கிலோ கெட்டிக் காரீயத்துக்காக யாரும் விளையாட வேண்டிய விஷயமல்ல. கலவை அளவு அச்சிட்ட கட்டிகள் கடையிலேயே கிடைக்கும்போது அதை வாங்கு.

தண்ணீர். கடினப்படுத்த வாளி வைத்திருப்பாய். உருகிய காரீயத்துக்குள் ஒரு சொட்டு தண்ணீர் மாட்டினால் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, பானையில் இருப்பதையெல்லாம் முகத்தில் அடிக்கும். வியர்வைத் துளிக்கும் இது பொருந்தும். வாளியும் பானையும் எட்டி இருக்கட்டும். ஈரமான கட்டியைப் பானையில் போடாதே. முகத்துக்கு முழு மறைப்பு, கைக்குத் தோல் கையுறை, காலுக்கு மூடிய செருப்பு. நான் வேலை பார்த்த பட்டறையில் ரப்பர் செருப்போடு வந்தவனை உள்ளே விடமாட்டார்கள், ஆனாலும் அவன் பின்வாசல் வழியாக வருவான்.

ஏட்டை மூடியுள்ள தகர டப்பாவில் போடு, குப்பைத் தொட்டியில் போடாதே. பெருக்காதே, ஈரத்துணியால் துடை. அந்தச் சட்டை அங்கேயே தொங்கட்டும், வீட்டுத் துணியோடு துவைக்காதே. அங்கே தின்னாதே, குடிக்காதே. முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவு.

கடைசியாக, நீயும் வீட்டில் இருக்கிற எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதற்கு வேறு மாற்று கிடையாது. டெசிலிட்டருக்கு இருபது முப்பது இருந்தாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் மலச்சிக்கல், வேலைப்பளு என்று நினைத்துக்கொள்வாய்.

இரண்டு நாள் பதிலே இல்லை. ரொம்ப மிரட்டிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். அவன் முதலில் அனுப்பிய படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். உருக்குப் பானைக்கும் துண்டில் கிடந்த தோட்டாக்களுக்கும் பின்னால், சுவரோரம், பக்கச் சக்கரம் வைத்த ஒரு ரோஸ் நிறச் சைக்கிள். கைப்பிடியில் ஜரிகை நாடா தொங்குகிறது. அதை வட்டம் போட்டு, "இது யாருடையது?" என்று அனுப்பினேன்.

அன்று இரவே வந்தது பதில். "சின்னவளோடது. வெளியே எடுத்துக் கழுவி வச்சுட்டேன். புதன்கிழமை அவளுக்கும் எனக்கும் ரத்தம் எடுக்கிறாங்க."